முன்வாசல் சேறு

குளத்துக்குப் போகும் வழியில், ஒரு பெரிய புளியமரத்தின் வேருக்கடியில், மங்காயி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தாள். வளைக்கு இரண்டு வாசல். பின்வாசல் ஒரு முட்புதருக்குள் போய் முடிந்தது. முன்வாசல் குளத்துப் பாதையைப் பார்த்தபடி இருந்தது. அங்கேதான் அவள் கிழங்குக் கடை போட்டிருந்தாள். மண்ணைக் கிளறத் தெரியாத மான்களும் குரங்குகளும் நாவற்பழமோ நெல்லிக்காயோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கிழங்கு வாங்கிப் போகும். தண்ணீர் குடிக்க வருகிற எவரும் அவள் கடையைத் தாண்டாமல் போக முடியாது. வியாபாரத்துக்குக் குறைவே இல்லை.

அந்தக் காட்டில் வேலியும் கிடையாது, எல்லைக்கல்லும் கிடையாது. ஆனால் சட்டம் உண்டு. வருடந்தோறும் முதல் மழையில் வளைகளுக்குள் சேறு இறங்கும். மறுநாள் காலை, ஊரார் பார்க்க அந்தச் சேற்றை வெளியே தள்ளுகிறவர் எவரோ, அவரே அந்த வாசலுக்கு உடையவர். வேறொருவர் இரண்டு மழைக்குத் தொடர்ந்து தள்ளிவிட்டால், வாசலும் அதை ஒட்டிய அறையும் அவருக்குப் போய்விடும். தோண்டியது யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். அதைக் கேட்க ஆரம்பித்தால், என் பாட்டன் தோண்டியது, உன் பூட்டன் தோண்டியது என்று பாதிக் காடு வந்து நிற்கும்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். முழுக்கத் தெரிந்தவன் நரி நல்லதம்பி ஒருவன்தான். யார் போய்க் கேட்டாலும் சொல்வான். ஆனால் அவன் வாசலை மிதித்தால் போதும், ‘அந்த வீட்டில் என்ன தகராறாம்?’ என்று கிளிகள் காடு முழுக்கப் பரப்பிவிடும். அதனால் மானம் மரியாதை பார்க்கிற குடும்பங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. மங்காயியும் மானம் மரியாதை பார்க்கிறவள்தான்.

ஒரு கோடையின் கடைசியில் சடையன் என்ற உடும்பு வந்து நின்றான். குடியிருந்த மரப்பொந்து காற்றில் சாய்ந்துவிட்டதாம். மழைக்காலம் முடியும் வரை ஒதுங்க ஓர் இடம் வேண்டுமாம். முன்வாசலை ஒட்டிய அறை சும்மாதான் கிடந்தது. மங்காயிக்கு இளகிய மனசு. யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் அவளால் இல்லை என்று சொல்ல வராது.

“இருந்துட்டுப் போ தம்பி. இடமா இல்ல நம்மகிட்ட?” என்றாள்.

முதல் மழை பெய்தது. மறுநாள் காலை சேறு தள்ள மங்காயி எழுந்து வந்தாள். முள்ளம்பன்றிக்கு அதைப் போலப் பிடிக்காத வேலை வேறில்லை. முள்ளுக்கு இடையில் சேறு புகுந்தால், காய்ந்து உதிரும்வரை அரிப்புத் தாங்காது. சடையன் வாசலில் வந்து மறித்தான்.

“நீங்க எதுக்குக்கா கஷ்டப்படணும்? உள்ள இருங்க. தம்பி நான் இருக்கேன்ல!”

முள்ளில்லாத உடம்பால் சேற்றை உருட்டி உருட்டி, பாதையில் போகிற மான்களெல்லாம் பார்க்க வெளியே தள்ளினான். மங்காயிக்கு வாயெல்லாம் பல். கூலியில்லாமல் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டாள். அதோடு நின்றாளா? வருகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம், “எங்க சடையன் இருக்கும்போது எனக்கென்ன குறை? முன்வாசலை அவனே பாத்துக்குவான்” என்று பெருமை பேசினாள். தன் வாயாலேயே ஊரெல்லாம் சாட்சி தேடி வைத்தாள், பாவம்.

மழை நின்றது. சடையன் போகவில்லை. இன்னும் கொஞ்சநாள் என்றான். அவளும் சரியென்றாள்.

ஒருநாள் மாலை நல்லதம்பி கிழங்கு வாங்க வந்தான். புதிதாக ஒருவன் உள்ளே படுத்திருப்பதைப் பார்த்தான். கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே, “மங்காயி, இந்த மழைக்கு முன்வாசல்ல சேறு தள்ளுனது யாரு?” என்று கேட்டான்.

மங்காயிக்குச் சுருக்கென்றது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றன. “அது எங்க வீட்டு விஷயம். அக்கா தம்பியா இருக்கோம். நடுவுல வந்து கலகம் மூட்டாத!” என்றாள்.

நல்லதம்பி கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டான். அன்று படுக்கும்போது அவன் கேட்டது மங்காயியின் மனதில் முள்ளாகத்தான் குத்தியது. போய் விசாரித்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் கிளிகள் என்ன சொல்லும், சடையன் என்ன நினைப்பான்? உதவிக்கு வந்தவன் மேல் சந்தேகப்பட்டதாக ஆகிவிடாதா? என் வீட்டில் எனக்காகச் செய்கிற வேலை, அது எப்படி அவனுக்குச் சொந்தமாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிப்போனாள்.

அடுத்த வருடத்து முதல் மழைக்கும் சடையனே சேற்றைத் தள்ளினான்.

அந்தப் பனிக்காலத்தில் மங்காயி சூல் கொண்டாள். பின்னறை எப்போதும் ஈரம். பிறந்த குட்டிகள் அதில் பிழைக்காது. முன்னறைதான் காய்ந்த இடம். சடையனை அழைத்து விஷயத்தைச் சொல்லி, அறையைக் காலி செய்து தரும்படி தயக்கத்தோடு கேட்டாள்.

சடையன் நாக்கை நீட்டி ஒருமுறை காற்றை நக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“என் அறைய எதுக்குக்கா நான் காலி பண்ணணும்?”

மங்காயி கெஞ்சினாள், அழுதாள், முள்ளைச் சிலிர்த்து மிரட்டியும் பார்த்தாள். உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் நாவல் மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. மங்காயி மானத்தை மறந்து நல்லதம்பியின் வாசலுக்கே ஓடி, அவனைத் தனக்காகப் பேச அழைத்து வந்தாள்.

தலைவர் காட்டெருமை ஒவ்வொருவராக விசாரித்தார். சேறு தள்ளியது சடையன்தான் என்று மான்கள் சொல்லின. இரண்டு மழையும் பார்த்தோம் என்று குரங்குகளும் சொல்லின. “முன்வாசலை அவனே பாத்துக்குவான்னு அந்தம்மாவே சொல்லிச்சே” என்று ஒரு கிழட்டு மந்தி சொன்னபோது மங்காயி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நல்லதம்பி எழுந்தான். முன்வாசலைப் பற்றி அவன் ஒன்றும் வாதாடவில்லை. பின்வாசலாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று, அங்கே சேறு தள்ளியது யார் என்று மட்டும் கேட்டான். முட்புதருக்குள் நுழைய யாருக்குத் துணிச்சல் வரும்? அங்கே மங்காயிதான் தள்ளினாள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு ஆயிற்று. முன்னறை சடையனுக்கு, பின்னறை மங்காயிக்கு.

கூட்டம் கலைந்தபின் மங்காயி விம்மினாள். “இவ்வளவு தெரிஞ்ச ஆளு, எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்ல வந்தேன். நீ கலகம் மூட்டாதன்னுட்ட” என்றான் நல்லதம்பி. பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னான். “சடையன் உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே என்கிட்ட வந்து, வாசல் சட்டம் என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். யார் வாசல்னு சொல்லல. கேக்குற எல்லாருக்கும் சொல்றவன் நான். அவன் கேட்டான். நீ கேக்கல.”



பின்னறையின் ஈரத்தைப் போக்க அவள் நிறைமாதத்தோடு சருகு சருகாக இழுத்துப் பரப்பினாள். இரண்டு குட்டிகள் பிறந்தன. ஒன்றுதான் தங்கியது. கடை முட்புதருக்குப் பின்னால் போனது. மேலில் முள் கிழிக்குமென்று மான்கள் வருவதை நிறுத்திவிட்டன. குரங்குகளும் நல்லதம்பியும்தான் வந்தார்கள்.

அடுத்த மழைக்கு மங்காயி தானே பின்வாசலில் சேறு தள்ளினாள். முள்ளெல்லாம் சேறு. அரிப்பு பிடுங்கி எடுத்தது. குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நனைந்து நடுங்கியபடி ஒரு முயல் வந்து, மழை விடும்வரை ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளலாமா என்று கேட்டது.

மங்காயி முள்ளில் ஒட்டிய சேற்றை உதறினாள். இல்லை என்று சொல்ல இப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.

“தாராளமா இரும்மா. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நல்லதம்பி வீடுவரைக்கும் போயிட்டு வந்துருவோம்.”

முயலின் முகம் வாடியது. “என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?”

“இருக்கு. அது கெட்டுடக் கூடாதுன்னுதான் போறோம்” என்று சொல்லிவிட்டு மங்காயி முன்னால் நடந்தாள். கிளிகள் மரத்துக்கு மரம் தாவிக் கத்தின. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உறவு கசந்துவிடுமோ என்று அஞ்சிச் சட்டத்தைக் கேட்டறியாமல் இருப்பவருக்கு, முடிவில் உடைமையும் மிஞ்சாது, உறவும் மிஞ்சாது.