ஆளில்லாத பக்கம்

“என்னை நடுவுல போடுங்க சார். இல்லன்னா ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு நான் வரல.”

இன்னாசி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

உப்பளத்தை ஒட்டிய ஈரத் தரையில் அமெரிக்கன் ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பவர் கோச் மச்சாடோ. தடுக்கும்போது முன்வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கர் என்று மூன்று பேரை நிறுத்துவார். நடுவில் நிற்பவன் எதிராளியின் எண்ணத்தைப் படித்துக் குரல் கொடுப்பான். எதிரணிக் கூட்டம் சேரும் பக்கத்துக்காரன் மோதி மோதிப் பேர் வாங்குவான். மிச்சமிருப்பது ஆளில்லாத பக்கம். அதை இரண்டு வருஷமாக இன்னாசியின் தலையில் கட்டியிருந்தார்கள். போன தடவை கோப்பை வாங்கிய போட்டோவில்கூட அவன் பாதித் தோள்தான் தெரிந்தது.

“அந்தப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டேங்கான் சார். எதுக்கு நிக்கேன்னே தெரியல.”

கோச் கோபப்படவில்லை. நாளை உச்சிவேளையில் வந்து உன் இடத்தில் தனியாக நில், என்ன சத்தம் கேட்டாலும் நகராதே, அப்புறம் நடுவைப் பற்றிப் பேசலாம் என்றார்.

இவ்வளவுதானா என்று இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் நின்றான். உப்பில் பட்ட வெயிலில் கண் கூசியது. கோச் எல்லைக்கோட்டில் குடையோடு உட்கார்ந்திருந்தார். வேறு ஈ காக்கை இல்லை.

முதலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒருவருடைய மூச்சல்ல, பல பேருடையது. பிறகு, கூட்டம் சேரும் பக்கத்தில் தோளும் தோளும் மோதின. யாரோ விழுந்து முனகினார்கள்.

அங்கே யாருமே இல்லை.

நகராதே என்று சொல்லியிருந்தும் இன்னாசியின் கால் கேட்கவில்லை. சத்தம் வந்த பக்கம் பாய்ந்து ஓடினான்.

போய்ச் சேர்ந்ததும் சத்தம் நின்றுவிட்டது. தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தான். அவன் விட்டு வந்த இடத்தருகே கோச் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மெல்ல நடந்து பக்கத்தில் போனான்.

உப்பளத்திலிருந்து ஒரு காலடித் தடம் வந்திருந்தது. வெறுங்கால், அவசரமில்லாத நடை. இன்னாசி நின்ற இடம்வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

இரண்டு பாதங்கள் அருகருகே பதிந்திருந்தன. அவன் பார்க்கப் பார்க்க அவை இன்னும் ஆழமாக இறங்கின. ஓரத்தில் தண்ணீர் ஊறியது.

“சார், நான் என் இடத்துலயே நின்னுக்கிடுதேன்.”

கோச் தலையை நிமிர்த்தவில்லை.

“ஏலே, நீ நடுவுக்கே போ. இங்க ஆள் வந்தாச்சு.”