பொட்டு வைக்க ஒரு துப்பாக்கி

துப்பாக்கி உரிமம் கைக்கு வந்ததிலிருந்து தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கோவையில் மாட்டு டாக்டர், ஐம்பதை நெருங்குகிறவர். குறி பார்த்துச் சுடும் போட்டியில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதுவரை கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் சுட்டார். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம். ஒன்றே ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் மாவட்டப் போட்டியில் நின்றாக வேண்டும்.

கிளப்பில் பயிற்சி தருகிறவள் ஜெசிந்தா. டாக்டருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளை அவர் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை துப்பாக்கி வியாபாரி கிளப்புக்கே வந்து இரண்டு துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்தார். இரண்டும் கம்பெனிப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தவை. ஒன்றில் தோளில் பதியும் மரக்கட்டை பளபளவென்று மின்னியது. மற்றது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். டாக்டர் கறுப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி வந்த மனிதர்.

"மொதப் பொட்டு இதுக்குத்தானுங்க மாஸ்டர்."

"பொறுங்க டாக்டர். ரெண்டையும் சுட்டுப் பாருங்க."

இரண்டையும் ஒரே மணல் மூட்டைமேல் வைத்து, ஒரே வகைத் தோட்டாவால் டாக்டர் சுட்டார். மரக்கட்டைத் துப்பாக்கியின் முதல் குண்டே நட்டநடுவில் பட்டது. டாக்டருக்குச் சந்தோஷத்தில் காது சிவந்துவிட்டது. அடுத்தவை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போனதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கறுப்பில் சுட்டவை ஒன்றுகூட நடுவை எட்டவில்லை. எல்லாம் கீழே இடது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

ஜெசிந்தாவும் இரண்டிலும் சுட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அதே கதைதான்.

"அப்புறம் என்னங்க, இதேதான்" என்று மரக்கட்டையைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவினார் டாக்டர்.

"கிண்ணத்தைக் குடுங்க."

டாக்டர் சுட்ட இரண்டு குறித் தாள்களையும் அவள் எடுத்து வந்தாள். கறுப்பின் தாளில் கட்டைவிரலால் சந்தனத்தை ஒரு தரம் அழுத்தினாள். அத்தனை துளையும் அந்த ஒரு பொட்டுக்குள் மறைந்தது. மற்ற தாளில் நடுவில் ஒன்று வைத்தாள். மேலே ஒன்று. ஓரத்தில் ஒன்று. வைத்துக்கொண்டே போனாள். கிண்ணத்தின் அடி தெரிந்தது.

"ஆனா மாஸ்டர், கறுப்பு நடுவுல ஒண்ணுகூடப் படலீங்களே."

கறுப்புத் துப்பாக்கியில் குறி பார்க்கும் இடத்திலிருந்த சின்னத் திருகை அவள் கொஞ்சம் திருப்பினாள்.

"ஒரே இடத்துல விழுறதை நடுவுக்கு நகர்த்திடலாம் டாக்டர். இப்போ சுடுங்க."

சுட்டார். நடுவில் பட்டது. மறுபடி சுட்டார். அதே துளை கொஞ்சம் பெரிதாயிற்று. இன்னொரு தரமும் சுட்டுவிட்டு, சத்தம் போட்டுச் சிரித்தார். அவருக்கே நம்ப முடியவில்லை.

ஆனாலும் கண் பளபளப்பின் பக்கமே போயிற்று.

"அதையும் இதே மாதிரி திருகிக் கொண்டுவர முடியாதுங்களா மாஸ்டர்?"

ஜெசிந்தா கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் ஒரு பொட்டுக்குத்தான் சந்தனம் இருக்கு டாக்டர்."