பதினெட்டாவது ஓலை

பனைமரத்தைவிட உயரமாக எதையும் கட்டத் தெரியாத காலத்தில், வெண்ணாடு என்ற நாட்டை இளவேழன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். அவனுடைய ஓலைநாயகம் கூத்தபிரானுக்கு இது நன்றாகத் தெரியும். ஓலைநாயகம் என்றால் அரசாணைகளை எழுதும் கூடத்துக்குத் தலைவர்.

அரசன் போர்க்களத்தில் இருந்தபோது ராணி குமுதவல்லி காய்ச்சலில் இறந்துபோனாள். திரும்பி வந்தவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. ஏற்கெனவே எந்த ஓலையிலும் பட்டங்களை அடுக்கித்தள்ளும் கூத்தபிரான், அவனைக் குஷிப்படுத்த ஒரு புது எழுத்து முறையையும் கொண்டுவந்தார். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அகலம், தலையில் கிரீடம் மாதிரி ஒரு சுழி. மகுட எழுத்து என்று பெயரும் வைத்தார். ஓர் ஓலையில் இரண்டு வரிதான் பிடிக்கும். அரசனின் பட்டங்களை எழுதி முடிக்கவே பதினேழு ஓலை ஆகும். விஷயம் பதினெட்டாவது ஓலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். ஊர்த்தலைவர்கள் ஏழெட்டு ஓலை படித்துவிட்டு, கும்பிட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அரசனே ஓலைக்கட்டின்மேல் முத்திரை வைப்பதோடு சரி, ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை.

இத்தனைக்கும் ஓலை வேண்டுமே? தலைநகரைச் சுற்றியிருந்த பனைகளெல்லாம் மொட்டையாகிவிட்டன. கூத்தபிரானின் கண் குறும்பையூர்ப் பனந்தோப்பின்மேல் விழுந்தது. அதிலும் அவர் கேட்டது குருத்தோலை. முற்றிய ஓலையில் சுழி அழகாக வராதாம். குருத்தை அடியோடு வெட்டினால் மரம் செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அந்த ஊரிலிருந்து தாயம்மை என்பவள் சபைக்கு வந்தாள். ராணியின் கடைசி நாள்வரை அவளுக்குத் தோழியாக இருந்தவள். பிறகு ஒரு பனையேறியைக் கட்டிக்கொண்டு குறும்பையூரில் குடியேறிவிட்டாள்.

"நாப்பது குடும்பம் மகாராசா. பதநீரும் கருப்பட்டியும்தான் எங்களுக்குச் சோறு. குருத்தை வெட்டுனா ஊரைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள்.

அமைச்சர் தத்தனார் எழுந்து, எழுத்தைச் சிறிதாக்கிப் பட்டங்களைக் குறைத்தால் ஒரே ஓலையில் ஆணை முடிந்துவிடும், தோப்பும் பிழைக்கும் என்றார். தத்தனார் எதைச் சொன்னாலும் கூத்தபிரானுக்கு வயிறு எரியும். எழுத்தைச் சிறிதாக்குவது மன்னரையே சிறிதாக்குவதாகும் என்று அவர் பதறினார். அரசனின் முகம் சிவந்துவிட்டது. "தோப்பை வெட்டும் ஆணைக்கு வெள்ளிக்கிழமை முத்திரை வைக்கிறேன் அமைச்சரே. அதற்குள் சின்ன எழுத்துக்கும் மதிப்பு உண்டென்று காட்டுங்கள். முடியாவிட்டால் தோப்பை மறந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டான்.

அந்த நாட்டில் ஆணையின் வாசகத்தை அமைச்சர் எழுதிக் கொடுப்பார். ஓலைநாயகத்தின் கூடம் அதை மகுட எழுத்தில் எழுதும். தத்தனார் வழக்கம்போல வாசகத்தை அனுப்பினார். எழுத்தர்கள் சுழியிலேயே கண்ணாக அதை அப்படியே எழுதிவைத்தார்கள். கூத்தபிரான் முதல் ஐந்தாறு ஓலைகளில் சுழி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், தலையாட்டினார், ஓலைகளைக் கட்டாகக் கட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரசன் ஓலைக்கட்டை வாங்கி முத்திரை வைத்தான். வைத்த முத்திரையை மாற்ற அரசனாலும் முடியாது, அது அந்த நாட்டு வழக்கம். தத்தனார், "மன்னா, ஒருமுறையாவது முழுதாகப் படிக்கக் கேட்போமே" என்றார். கூத்தபிரானுக்கு ஒரே பூரிப்பு. பட்டங்களை அவரே ராகம் போட்டுப் படிக்கத் தொடங்கினார். ஒன்பதாவது ஓலையில் சேனாதிபதி கொட்டாவி விட்டார். பதின்மூன்றில் அரசனுக்கே கண் சொக்கியது. பதினெட்டை எடுத்த கூத்தபிரானுக்குக் குரல் உள்ளே போய்விட்டது.

"சத்தமாகப் படியும்" என்றான் அரசன்.

குறும்பையூர்ப் பனைகளை ஓலைநாயகம் கூத்தபிரான் ஒருவரே ஏறி, தம் கையாலேயே வெட்ட வேண்டும், வேறு யாரும் வெட்டக்கூடாது என்று எழுதியிருந்தது. கூத்தபிரானின் தொப்பையைப் பார்த்துச் சபை முழுவதும் சிரித்தது.

அரசனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "என்னை ஏமாற்றினீரா?" என்று கேட்டான்.

"ஒளித்து வைக்கவில்லை மன்னா. உங்கள் கையில்தான் இருந்தது. படிக்கத்தான் யாரும் இல்லை" என்றார் தத்தனார். பிறகு ஓர் ஒற்றை ஓலையை நீட்டினார். அதில் சின்னச் சின்னதாய், சுழி எதுவும் இல்லாமல் இரண்டே வரி. 'குறும்பையூர்ப் பனைகளை யாரும் வெட்ட வேண்டாம். அங்கே நாற்பது குடும்பம் பிழைக்கிறது. இப்படிக்கு, இளவேழன்.'

அரசன் படித்தான். மறுபடியும் படித்தான். 

"இது யார் எழுத்து?"

"நான்தான் எழுதுனேன் மகாராசா. ராணியம்மா சொல்லிக்குடுத்தது. எனக்கு வேற எழுத்து தெரியாது" என்றாள் சபை ஓரத்தில் நின்ற தாயம்மை.

அரசன் இடுப்புக் கச்சையிலிருந்து விரல் நீள ஓலை நறுக்கு ஒன்றை எடுத்தான். போர்க்களத்துக்கு ராணி எழுதி அனுப்பியது. அதே எழுத்து. 'பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. சீக்கிரம் வந்துவிடுங்கள்.' மூன்று வருஷமாக அவன் உடம்பை விட்டுப் பிரியாத ஓலை அது ஒன்றுதான்.

"இதற்குப் பதில் எழுதச் சொல்லிக் கூடத்துக்கு உத்தரவு போட்டேனே. போய்ச் சேர்ந்ததா?" என்று மெதுவாகக் கேட்டான்.

தாயம்மை தயங்கினாள். "வந்துச்சு மகாராசா. பதினோரு ஓலை, எல்லாம் பட்டம். படுத்த படுக்கையில ஒண்ணு விடாம படிச்சாங்க. 'இதுல அவர் எங்கேடி இருக்கார்?'னு கேட்டாங்க."

 கூத்தபிரான் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதினோரு ஓலைகளும் அவர் கூடத்தில் எழுதியவைதானே.

அன்றோடு மகுட எழுத்து ஒழிந்தது. எழுதும் கூடத்துக்குத் தாயம்மை தலைவியானாள், தத்தனாருக்கு அரசன் தன் தோள்வளையைக் கழற்றிப் போட்டான். கூத்தபிரான், அரசன் முத்திரை வைத்த ஆணைப்படி குறும்பையூருக்குப் போய், முதல் பனையில் ஓராள் உயரம் ஏறி, நெஞ்சுத் தோலெல்லாம் சிராய்த்துக்கொண்டு இறங்கினார். பனையேறிகள் கேலி செய்யாமல் பனையோலைப் பட்டையில் பதநீர் கொடுத்தார்கள். தோப்பு தப்பியது.

அன்று சபை கலைந்ததும் அரசன் தாயம்மையிடம் எழுத்தாணியைக் கேட்டு வாங்கினான். ராணியின் நறுக்கில், அவள் வரிக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில், பட்டம் எதுவும் போடாமல், கை கோணக் கோண ஒரே ஒரு வார்த்தை எழுதினான்.

'வந்துவிட்டேன்.'