கிராம்பு வட்டம்

கிருமியை வளர்த்து, பிறகு கொன்று பார்க்கிற ஆய்வுக்கூடம் அது. பேராசிரியை ரெஜினாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த சங்கரவடிவுக்கு நாற்பத்தாறு.

சங்கரவடிவின் தம்பிக்குச் சர்க்கரை நோய். காலில் புண். எந்த ஊசிக்கும் அந்தக் கிருமி சாகவில்லை. இரண்டு விரலை எடுத்தால் பாதம் தப்பும் என்றார் மருத்துவர். அக்கா சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று தம்பி படுத்திருந்தான். அக்கா இன்னும் சொல்லவில்லை. இந்த விஷயத்தை அவள் ரெஜினாவிடமும் சொல்லவில்லை.

கிராம்பை ஸ்பிரிட்டில் ஊறவைத்தாள். பொட்டளவு காகித வில்லையை அந்தச் சாற்றில் நனைத்து, அதே வகைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்தாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் தெளிந்த வட்டம் விழுந்திருந்தது. தம்பியைப் பொறுத்திருக்கச் சொன்னாள். நான்காம் நாள் தட்டோடு ரெஜினாவிடம் போனாள்.

"மேடம், மருந்துக்குச் சாகாதது கிராம்புக்குச் செத்திருக்கு. இதை நம்பலாமா?"

பிரியாணி வாசனை தூக்குகிறதே என்று ரெஜினா சிரித்தார். வில்லையைக் காயவிட்டுத்தானே வைத்தீர்கள் என்று கேட்டார். அவசரத்தில் ஈரமாகவே வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

ரெஜினா உடனே வேலையில் இறங்கினார். புதுத் தட்டில் கிருமியைப் பரப்பினார். ஒரு வில்லையைக் கிராம்புச் சாற்றில் நனைத்தார். இன்னொன்றை வெறும் ஸ்பிரிட்டில் நனைத்தார். இரண்டையும் ஈரத்தோடு வைத்து மூடினார்.

மறுநாள் காலை தட்டில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு.

"இதுல எது கிராம்பு, அக்கா?" என்று கேட்டார் ரெஜினா.

சங்கரவடிவு தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது தம்பி மனைவி போனில் கூப்பிட்டாள். சங்கரவடிவு நின்றபடியே கேட்டாள். போனை வைத்த பிறகு ரெஜினாவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரலோடு போயிருக்க வேண்டியது. இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

ரெஜினா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"நேத்து நான் கேட்டப்பவே இது ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"நீங்க கிராம்பைப் பத்தித்தானே கேட்டீங்க. கிராம்புன்னா ஒரு நாள் பொறுக்கலாம், அக்கா."