அழுங்கின் வயிற்றுக்கு ஏன் ஓடில்லை

அந்தக் காலத்தில், மிருகமும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், அழுங்குக்கு ஓடு கிடையாது. எறும்புத்தின்னி என்கிறார்களே, அதுதான். உரித்த பனங்கிழங்கு மாதிரி வெறும் தோல். சிறுத்தைக்கு அதைவிட வசதியான தீனி கிடைக்குமா?

கரட்டுமலையில் ஒரு தாய் அழுங்கு இருந்தது. போன ஈற்றுக் குட்டியைச் சிறுத்தை தின்றுவிட்டது. இப்போது மறுபடி ஒரு குட்டி, வால்மேல் தொற்றிக்கொண்டு திரிந்தது. இதையும் பறிகொடுக்க அழுங்கு தயாராக இல்லை. நேரே மலையடிவாரத்தில் இரும்பு உருக்கும் பூவாத்தாளிடம் போனது.

"ஆத்தா, எனக்கும் குட்டிக்கும் இரும்புச் சட்டை வேணும்."

பூவாத்தாள் துருத்தியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இரும்பு என்ன மரத்துலயா காய்க்குது? மலைக்குள்ள கல்லாக் கெடக்கு. தோண்டிக் கொண்டா, உருக்கி அடிச்சுத் தர்றேன்."

தோண்டுவதா? அழுங்குக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! அன்றைக்கே ஆரம்பித்தது. கல் இருந்த இடத்தில் குழி. கல் தீர்ந்ததும் பக்கத்தில் இன்னொரு குழி. அள்ளிப் போட்ட மண் சரிவெல்லாம் கிடந்தது. குழியை மூடும் வழக்கம் அதற்கில்லை. மூடுகிற நேரத்தில் வேறொன்று தோண்டலாமே என்று நினைப்பு.

சுனைத் தவளை வந்து கத்தியது. "ஏ நகக்காரி! உன் மண்ணெல்லாம் என் சுனையில வந்து விழுது. தண்ணி வெத்தலை எச்சி மாதிரி செவந்து போச்சு. என் புள்ளைங்க மூச்சு முட்டி மெதக்குதுங்க."

"உன் புள்ளைக்குச் சேறு. என் புள்ளைக்குச் சிறுத்தை. எது பெருசு? போடி."

தவளை போய்விட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. திறந்து கிடந்த குழி ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கியது. ஊறி ஊறி மலை இளகியது. அழுங்கு கல் சுமந்து உலைக்குப் போயிருந்த ஒரு பகலில், மேற்குச் சரிவு அப்படியே வழுக்கி இறங்கியது. வளைக்குள் தூங்கிய குட்டியின்மேல்.

அழுங்கு ஓடி வந்து தோண்டியது. கல்லுக்குத் தோண்டியதெல்லாம் ஒரு தோண்டலா? நகம் பிய்ந்தது. நிறுத்தவில்லை. கடைசியில் சேற்றுக்குள் வால் நுனி தட்டுப்பட்டது. இழுத்தது. குட்டி தும்மியது. உயிர் இருந்தது!

சிறுத்தை வாயிலிருந்து காக்கப் போய், தானே மலை வாயில் கொடுத்திருக்கும். அழுங்குக்கு அது உறைத்தது. மறுநாளே குழிகளை மூட ஆரம்பித்தது. தவளையும் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க இன்னும் ஒண்ணு வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு பாரு" என்று விரட்டி விரட்டி வேலை வாங்கியது.

மழை விட்டதும் பூவாத்தாள் கூப்பிட்டனுப்பினாள். சட்டை தயார். கூரைக்கு ஓடு வேய்ந்த மாதிரி செதில்மேல் செதில். இளஞ்சூட்டில் மாட்டிவிட்டாள். தோலோடு பிடித்துக்கொண்டது. குட்டிக்கும் ஒன்று.

"முதுகுக்குத்தான் வந்துச்சு. வயித்துக்குப் பத்தலை. இன்னும் ரெண்டு கூடை கல்லு கொண்டா."

"உன் உலைப் பக்கம் உடைஞ்ச ஏர்க்கொழு, மொண்ணை அரிவாளெல்லாம் கெடந்துச்சே?"

"அதை உருக்கித்தானே உன் குட்டிக்குச் சட்டை! சுனைக்கு அடியில நல்ல கல்லு இருக்கு. போய் எடு."

அழுங்கு சுனைப் பக்கம் பார்த்தது. தண்ணீர் அப்போதுதான் தெளிய ஆரம்பித்திருந்தது.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? வயிறுதான்டி சிறுத்தை வாய் வைக்கிற இடம்!"

"மலை ஒண்ணுதான் ஆத்தா இருக்கு. வயித்தை நான் பாத்துக்கறேன்."

அந்த வாரமே சிறுத்தை வந்தது. "என்னடி, ஓட்டுவீடு கட்டிக்கிட்டியா? கீழ சுவரைக் காணோமே!" வயிற்றைப் பார்த்துப் பாய்ந்தது.

அழுங்கு குட்டியை வயிற்றோடு சேர்த்தது. தலையை உள்ளே இழுத்தது. வாலைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டது. சிறுத்தை உருட்டிப் பார்த்தது. கடித்தது. ஒரு பல் போனது.

"இன்னும் எத்தனை பல் வச்சிருக்கே?" உள்ளேயிருந்து அழுங்கு கேட்டது.

சிறுத்தை திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

அன்று வந்த பழக்கம்தான். இன்றைக்கும் அழுங்குக்கு முதுகில்தான் ஓடு, வயிறு வெறும் தோல். ஆபத்தென்றால் குட்டியை உள்ளே வைத்துச் சுருளும். உள்ளே நுழைந்ததும் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் படுக்கும்.