முள் இறங்காத கார்

திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில், கார் ஏசி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள் பிலோமினா. அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளுடைய சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது.

சீடரின் பெயர் வெள்ளைச்சாமி. அரசு பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். வண்டியில் தனக்குத் தெரியாதது ஏசி ஒன்றுதான் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வந்து சேர்ந்துவிட்டார். முதல் நாள் பிலோமினாவை விளையாட்டாக "வாத்தியாரம்மா" என்று கூப்பிட்டார். மூன்றாவது மாதம் அதையே விளையாட்டு இல்லாமல் கூப்பிட்டார்.

வந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார்.

"கேஸ் லீக்னா முதல்ல எங்க பார்க்கணும் வாத்தியாரம்மா?"

"சொல்றேண்ணே. கொஞ்ச நாள் போகட்டும்," என்றாள்.

சொல்லத் தெரியாமல்தான் தள்ளிப் போடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் மாதம் ஜமீலாம்மா தன் காரை முதல் தடவையாகக் கொண்டுவந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காருக்கு இருபது வயது இருக்கும். அவருடைய கணவர் மஜீத் வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஜமீலாம்மாதான் ஓட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது மஜீத் துவண்டு போயிருப்பார். அந்த வெயிலில் ஏசி இல்லாவிட்டால் வழியெல்லாம் வாந்தி.

ஒரு இணைப்பில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்ததை வெள்ளைச்சாமி கண்டுபிடித்தார். மாற்றினார். கேஸ் ஏற்றினார். அது சரியான வேலைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

"இனிமே போகாதும்மா," என்று பானெட்டில் தட்டிச் சொன்னார்.

மூன்று வாரத்தில் கார் திரும்ப வந்தது. காற்று அனலாக அடித்தது. மறுபடி கேஸ் ஏற்றினார். மறுபடி பானெட்டில் தட்டினார்.

மே மாதக் கடைசியில் மூன்றாம் தடவை வந்தது. இந்தத் தடவை ஜமீலாம்மா சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"மதுரைல மகன் வீட்டுக்கே வந்துடச் சொல்றான். இவருக்குத் தன் கட்டிலை விட்டா தூக்கம் வராது. எனக்கும் வீட்டைப் பூட்டிட்டுப் போக மனசில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தத் தடவையும் கேஸ் நிக்கலைன்னா வண்டியை வித்துட்டுப் போயிடலாம்னு இருக்கோம்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் வெள்ளைச்சாமி தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கூட வந்திருந்த மஜீத்தை ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

வெள்ளைச்சாமி மிச்சமிருந்த கேஸை எடுத்தார். அழுத்தம் காட்டும் மீட்டரின் நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் காரில் மாட்டி, கசிவு தேட நைட்ரஜனை அழுத்தி ஏற்றினார். சோப்புத் தண்ணீரைக் கரைத்து, சவரம் செய்யும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். எங்கேயும் ஒரு குமிழி வரவில்லை. கசிவு இருந்தால் இறங்க வேண்டிய மீட்டர் முள் வைத்த இடத்திலேயே நின்றது.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். முள் அசையவில்லை. இரண்டு மணி நேரம். அசையவில்லை. சாப்பிடப் போகவில்லை. முன்பக்கத்தைக் கழற்றித் தடவினார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தடவினார். காரையே குளிப்பாட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிலோமினா வேறொரு வண்டியை முடித்துவிட்டு வந்தாள்.

"என்னண்ணே?"

"இந்தக் காரு என்கிட்ட நல்ல பிள்ளையா நடிக்குது வாத்தியாரம்மா. நான் பார்க்குற வரைக்கும் முள் இறங்க மாட்டேங்குது. அவங்க வீட்டுக்குப் போனா எல்லாம் போயிடுது."

"எல்லாம் தடவிட்டீங்களா?"

"ஒரு இடம் பாக்கி இல்ல." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "எனக்கு இது வராது போல. ரெண்டு தடவை வாக்கு கொடுத்துட்டேன். அந்தம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல. நான் நாளைலேர்ந்து வரலை."

"சரிண்ணே. போறதுக்கு முன்னாடி மீட்டரைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போங்க."

"கழட்டிட்டா முள்ளை எப்படிப் பார்க்குறது?"

"பார்க்க வேண்டாம். கழட்டுங்க."

அவர் இரண்டு குழாயையும் கழற்றினார். நீலக் குழாய் மாட்டியிருந்த இடத்தில், கேஸ் ஏற்றும் வாய் திறந்து நின்றது. சைக்கிள் டியூப்பின் வால்வு மாதிரி சின்ன வாய். பிலோமினா பிரஷ்ஷை எடுத்து அதற்குள் ஒரே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டாள்.

"டீ சொல்லட்டுமா?" என்றாள்.

அவர் குனிந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடுகளவில் ஒரு குமிழி எழுந்தது. மெல்லப் பெருத்தது. உடைந்தது. இன்னொன்று எழுந்தது.

வெள்ளைச்சாமி நாலு மணி நேரமாக அந்த இடத்தில்தான் நின்றிருந்தார். அவர் மாட்டிய குழாயே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்குற வால்வு ஊசி தேஞ்சு போச்சு," என்றாள் பிலோமினா. "ரொம்ப நாளா தேஞ்சுதான் இருந்திருக்கும். வாய் மேல மூடி இருந்தா அது கேஸைப் பிடிச்சு நிறுத்திடும்."

"மூடி தூசிக்குத்தானே?"

"உள்ள ரப்பர் இருக்கும்ணே. தூசிக்கு எதுக்கு ரப்பர்?"

பிறகு, அவரைப் பார்க்காமல், காரைப் பார்த்துக் கேட்டாள்.

"இதோட மூடி எங்கண்ணே?"

வெள்ளைச்சாமியின் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சின்னச் சாமான் எதையும் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த பஸ்காரன் எடுத்துப் போய்விடுவான். நட்டோ வாஷரோ, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஏப்ரலில் இந்தக் காரின் மூடியையும் அப்படித்தான் போட்டிருக்கிறார்.

தன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கோவிந்தம்மாள் சட்டை துவைக்கும்போது பையில் கிடைப்பதையெல்லாம் ஜன்னலில் ஒரு தைல டப்பாவில் போட்டு வைப்பாள். அதைத் தரையில் கொட்டினார். மூன்று மூடிகள் இருந்தன.

மூன்றையும் கொண்டுவந்தார். ஒன்று இந்தக் காரில் சரியாக ஏறியது. மற்ற இரண்டும் யாருடைய காரின் மூடி என்று ஞாபகப்படுத்தி, அங்கேயே நின்று இரண்டு பேருக்கும் போன் செய்தார்.

புது ஊசி போட்டார். உள்ளே இருந்த காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி, கேஸ் ஏற்றினார். குழாயைக் கழற்றிச் சோப்புச் சொட்டு விட்டார். குமிழி வரவில்லை. மூடியைத் திருகினார். திருகியதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

"எங்க போயிட்டிருந்துச்சு தம்பி?" என்று கேட்டார் ஜமீலாம்மா.

வெள்ளைச்சாமி பிலோமினாவைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"நான் கேஸ் ஏத்துன வழியாதாம்மா போயிட்டிருந்துச்சு. மூடியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். கார் மேல தப்பு இல்ல."

ஜமீலாம்மா பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, மூடி போட மறந்துட்டாராம்."

"நான் மாத்திரையையே மறக்குறேன்," என்றார் மஜீத் பேப்பரை மடித்தபடி. "வா, போகலாம்."

வெள்ளைச்சாமி இந்தத் தடவை பானெட்டில் தட்டவில்லை. கதவைத் திறந்து மஜீத்தைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்.

மறுநாள் நேரத்துக்கு முன்னாலேயே வேலைக்கு வந்தார்.

ஜூன் போனது. ஜூலை முடியும்போது ஜமீலாம்மாவின் கார் பட்டறை வாசலில் நின்றது. வெள்ளைச்சாமி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கண்ணாடி இறங்கியது. உள்ளே மஜீத் கழுத்து வரை சால்வை போர்த்தியிருந்தார்.

"இந்தக் குளிரைக் குறைக்க எதைத் திருகணும்னு இவர் கேட்கச் சொன்னார்," என்றார் ஜமீலாம்மா. "நான் சொன்னா நம்ப மாட்டேங்குறார்."

வெள்ளைச்சாமி கையை உள்ளே நீட்டித் திருகிக் காட்டினார். கார் போய் வெகு நேரம் வரைக்கும் அவர் முகம் மலர்ந்தே இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"வாத்தியாரம்மா, கேஸ் லீக்னா முதல்ல எங்க பார்க்கணும்?"

"நம்ம சட்டைப் பையில."

"இதை வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னைக்கு உங்க பை காலியா இருந்துச்சேண்ணே," என்றாள் பிலோமினா.