மன்னர் தவறவிட்டது

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் நாட்டை ரணதீர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தாராளமான மனசுதான், ஆனால் கோபம் வந்துவிட்டால் அவர் முன்னால் நிற்க யாருக்கும் தைரியம் கிடையாது.

அரண்மனைக் கொல்லையில் தாமரைக் குளம் வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. மந்திரி நல்லபெருமாள், குளம் வெட்டுகிற சடையாண்டியை அழைத்து வந்தார். தோட்டத்து அதிகாரி அலங்காரராயருக்கு வயிறு எரிந்தது. மந்திரியின் ஆள் பேர் வாங்குவதா?

குழி வெட்டிக் களிமண் பரப்பியாயிற்று. அதை மிதித்து இறுக்கச் சடையாண்டி மாடுகளை ஓட்டிவந்தபோது ராயர் ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, மாடு இறங்கினால் சாணி போடும். ராஜ தோட்டம் நாறிப்போகும்!"

"மாட்டுக் கால் இங்கே படக்கூடாது. இது என் ஆணை!" என்றார் ராஜா.

தண்ணீர் விட்டார்கள். விடிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை, எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. கரையில் நின்ற ராஜாவுக்குக் கண் சிவந்தது.

"சம்பந்தி வீட்டார் இன்று மாலை வருகிறார்கள். அதற்குள் இதில் தண்ணீர் நிற்காவிட்டால் இவன் தலை இருக்காது!"

சடையாண்டியைத் தென்னையில் கட்டினார்கள். கூலியாட்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

"சாமி, மாடு மிதிக்காம களிமண்ணு எப்படி இறுகும்? எம் பொஞ்சாதி புள்ளைத்தாச்சி சாமி!" என்று அழுதான் அவன்.

மாட்டை இறக்கினால் ராஜ ஆணை மீறிய குற்றம். இறக்காவிட்டால் ஒரு குடும்பம் தெருவில். சற்று யோசித்த மந்திரி, குளத்தில் தண்ணீரை நிறுத்திக் காட்டுவதாக ராஜாவிடம் சொல்லி, ஒரு கிராமத்தைப் பரிசாக அறிவிக்க அனுமதி வாங்கிவந்தார். மண் நனையத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுச் சபைக்கு நடந்தார்.

"மன்னர் தவறவிட்டது ஒன்று அந்தக் குளத்தில் கிடக்கிறது. கண்டெடுப்பவருக்கு ஒரு கிராமம். மண்வெட்டிக்கு அது அகப்படாது, காலால்தான் துழாவ வேண்டும்!"

"முத்திரை மோதிரம்தான், வேறென்ன!" என்று முதலில் குதித்தவர் ராயர். பின்னாலேயே தளபதி, புலவர், ஜோசியர் என்று சபையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியது. ஒரு மூலை விடாமல் மிதித்தார்கள், வழுக்கினார்கள், எழுந்து மறுபடி மிதித்தார்கள். தென்னையடியில் வாள்காரன் வாள் தீட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்தது. மோதிரம் கிடைக்கவில்லை. எல்லோரையும் கரையேற்றிவிட்டு மந்திரி தண்ணீரைத் திறந்தார். குளம் நிரம்பியது. ராஜா வந்து ஒரு குச்சியை நட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் இறங்கவே இல்லை.

"மோதிரம் என் விரலில்தானே இருக்கிறது. நான் எதை ஐயா தவறவிட்டேன்?"

மந்திரி கைகூப்பினார். "நிதானத்தை, மகாராஜா. காலையில் இதே கரையில்தான்."

வாள்காரன் நிமிர்ந்து பார்த்தான். ராஜாவின் முகம் கறுத்தது. பிறகு அவர் நடந்துபோய்ச் சடையாண்டியின் கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார்.

"தவறவிட்டதை நானே எடுத்துவிட்டேன். கிராமம் இவனுக்கு!"

இடுப்பு வரை சேற்றோடு நின்ற அலங்காரராயர் பக்கம் திரும்பினார்.

"ராயரே, மாட்டு வேலையை நன்றாகவே செய்திருக்கிறீர். உள்ளே சாணி ஒன்றும் போட்டுவிடவில்லையே?"